அறுபது கிலோமீட்டர் எத்தனை மணி நேரம்?

சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கும் புதிய நிலையம் வரவிருக்கும் பரந்தூருக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டர்கூட வராது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும் பயணிகள் விமானம் 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. மணிக்கு 463 கிலோமீட்டர். அந்தக் கட்டுப்படுத்தப்பட்ட வேகத்திலேயே இந்தத் தூரத்தை ஏழு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். சாலையில் போனால் சுமார் 60 கிலோமீட்டர். அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால்தான் ஒற்றை விடை கிடைக்காது. விடிகாலை நான்கு மணிக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். மாலை ஆறு மணிக்கு, அதுவும் ஐப்பசி மழையில், இரண்டு மணி நேரமா மூன்று மணி நேரமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பற்றி 2022 முதல் நடக்கும் விவாதத்தில் ஏக்கர் கணக்கு பேசப்பட்டது, கோடிக் கணக்கு பேசப்பட்டது, ஏரிக் கணக்கும் பேசப்பட்டது. நிமிடக் கணக்கு மட்டும் ஒழுங்காகப் பேசப்படவில்லை. அந்த நிலையம் கட்டப்பட்டால் அது பிழைக்குமா, படுக்குமா என்பதைத் தீர்மானிக்கப் போவது இந்த நிமிடக் கணக்குதான் என்பது என் வாதம்.

முதலில் அடிப்படை விவரங்கள். படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என்று நான்கு இடங்கள் பரிசீலிக்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் பரந்தூர் தேர்வு அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 13 கிராமங்களைத் தொடும் 5,746 ஏக்கர் நிலம். அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம். இரண்டு ஓடுபாதைகள். எல்லாக் கட்டங்களும் முடியும்போது ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் என்பது இலக்கு. மத்திய அரசின் இட அனுமதி 2024 ஜூலையிலும், கொள்கை அளவிலான ஒப்புதல் 2025 ஏப்ரலிலும் கிடைத்தன. மீனம்பாக்கத்தில் இப்போது ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட பயணிகள் வந்து போகிறார்கள். விரிவாக்கம் முழுவதும் முடிந்தால் மூன்றரைக் கோடி வரை தாங்கும் என்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது: பரந்தூர் வந்தாலும் மீனம்பாக்கம் மூடப்படாது, இரண்டும் சேர்ந்தே இயங்கும் என்று அரசுத் தரப்பு சொல்லியிருக்கிறது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் அப்படி நடக்கவில்லை. 2008இல் புதிய நிலையங்கள் திறந்ததும் அங்கே எச்.ஏ.எல். நிலையத்திலும் பேகம்பேட்டையிலும் வழக்கமான பயணிகள் சேவை நின்றுபோனது. பழையது மூடப்பட்டுவிட்டால் பயணிக்கு ஊருக்கும் நிலையத்துக்கும் இடையிலான தூரம் மட்டுமே கவலை. இரண்டும் திறந்திருந்தால் இரண்டுக்கும் இடையிலான தூரமும் சேர்ந்துகொள்கிறது.

அந்த இடைவெளியில் வெறும் பொட்டல் இருந்திருந்தால் கதை வேறு. நாட்டின் மிக நெருக்கமான தொழில் பகுதிகளில் ஒன்று அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்களை உற்பத்தி செய்யும் ஹூண்டாய், சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், பாக்ஸ்கான், ஒரகடத்தில் ரெனோ-நிசான், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், ராயல் என்பீல்டு, அப்பல்லோ டயர், இவற்றுக்குப் பாகங்கள் கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள், வல்லம்-வடகால், பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுகள். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஸ்ரீபெரும்புதூர் இரண்டு நிலையங்களுக்கும் ஏறத்தாழ நட்டநடுவில் இருக்கிறது. ஒரகடத்திலிருந்தும் இரு பக்கத் தூரத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே 'பரந்தூர் வந்தால் தொழிற்சாலைகளுக்கு விமான நிலையம் கிட்டே வந்துவிடும்' என்று சொல்வதில் பாதிதான் உண்மை. கிலோமீட்டரில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. பல்லாவரம், குன்றத்தூர், பூந்தமல்லி நெரிசலுக்குள் நுழையாமல் மேற்கே திரும்பிவிடலாம் என்பதுதான் கிடைக்கும் லாபம். அது தூரத்தில் கிடைக்கும் லாபம் அல்ல, நேரத்தில் கிடைப்பது. அதைச் சாதாரணமாக நினைக்க முடியாது.

நேரத்தின் மதிப்பு இந்தப் பகுதிக்குப் புதிய பாடமும் அல்ல. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்துகூட கம்பெனி பஸ்ஸில் ஆட்களை ஏற்றி வந்து ஷிப்டுக்கு இறக்கிவிடும் ஊர் இது. 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். பயண நேரத்தைக் குறைக்க முடியாவிட்டால் பயணத்தையே ஒழித்துவிடுவோம் என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது. சரக்கிலும் இதே கதைதான். கார்கள் கப்பலில் போகின்றன, உள்நாட்டுக்கு வாலாஜாபாத்திலிருந்து ரயிலிலும் போகின்றன. அவற்றுக்கு விமானம் தேவையில்லை. விமானம் தேவைப்படுவது கைபேசிகளுக்கும் மின்னணுப் பாகங்களுக்கும், அசெம்பிளி லைன் நின்றுவிடக் கூடாதே என்று அவசரமாக வரவழைக்கும் உதிரிகளுக்கும். 2025 தொடக்கத்தில், அமெரிக்கா வரியை உயர்த்தப் போகிறது என்ற பதற்றத்தில், ஆப்பிள் நிறுவனம் சுமார் 600 டன் ஐபோன்களைத் தனிச் சரக்கு விமானங்களில் இந்தியாவிலிருந்து அனுப்பியதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அந்தச் செய்தியில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு வரி உண்டு: சென்னை விமான நிலையத்தில் சுங்க அனுமதிக்கு ஆகும் நேரம் 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைக்கப்பட்டது. லாரி அரை மணி நேரம் முன்னால் வருவதற்குச் சாலையை அகலப்படுத்தப் பல நூறு கோடி செலவாகும். இங்கே நடைமுறையை மாற்றியே 24 மணி நேரம் மிச்சப்பட்டுவிட்டது. பரந்தூரில் ஓடுபாதை எவ்வளவு நீளம் என்று கேட்பவர்கள், சரக்குக் கிடங்கில் ஒரு பெட்டி எத்தனை மணி நேரம் காத்துக் கிடக்கும் என்றும் கேட்க வேண்டும்.

இப்போது பயணியிடம் வருவோம். அலுவலகத்துக்குப் போகிறவர் சராசரி நேரத்தை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமானால் மேலதிகாரியிடம் ஒரு முறைப்பு, அவ்வளவுதான். விமானத்தைப் பிடிக்கிறவர் அப்படிக் கணக்குப் போட முடியாது. மிக மோசமான நாளில் எவ்வளவு நேரமாகுமோ அதை வைத்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் பாதை, மாதத்தில் இரண்டு நாள் மூன்று மணி நேரமாகும் என்றால், விமானப் பயணியைப் பொறுத்தவரை அது எப்போதுமே மூன்று மணி நேரப் பாதைதான். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையின் இந்தப் பகுதி எப்படிப்பட்டது என்பதற்கு நீதிமன்றமே சாட்சி. மதுரவாயல்-வாலாஜாபேட்டை சாலை கிடந்த கிடப்பைப் பார்த்து, சுங்கக் கட்டணத்தில் பாதியை மட்டும் வசூலித்தால் போதும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்-வாலாஜாபேட்டை ஆறுவழிப் பணி இழுத்த இழுப்பு ஊரறிந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களும், டிரெய்லரும், கன்டெய்னர் லாரியும், பைக்கில் வீடு திரும்பும் தொழிலாளிகளும் ஒரே சாலையில் இறங்குகிறார்கள். அங்கே கையில் போர்டிங் பாஸ் வைத்திருப்பவருக்கென்று தனி வழி எதுவும் இல்லை.

ஒரு கற்பனைப் பயணியை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூர் போகிறார். உள்நாட்டு விமானங்கள் மீனம்பாக்கத்திலும் பன்னாட்டு விமானங்கள் பரந்தூரிலும் என்று பிரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர முக்கால் மணி நேரம். சாலைக்கு, மோசமான நாளையும் நினைத்து, இரண்டரை மணி நேரம். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். மொத்தம் ஆறேகால் மணி நேரம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு, நான்கரை மணி. கடலைத் தாண்டுவதைவிடக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் போய் அடுத்த விமானம் ஏறுவதற்கு அதிக நேரமாகும். அந்தப் பயணி என்ன செய்வார்? அடுத்த முறை திருச்சியிலிருந்தோ, திருவனந்தபுரத்திலிருந்தோ, கொழும்பு வழியாகவோ போவார். சென்னை அவரை இழந்துவிடும்.

இது வெறும் அச்சம் என்று தள்ளிவிட முடியாது; ஒரு நகரம் இதை அனுபவித்தே பார்த்திருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் 1975இல் நகரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தள்ளி மிராபெல் என்ற மாபெரும் விமான நிலையத்தைத் திறந்தது. அதற்காகக் கையகப்படுத்திய நிலம் சுமார் 97,000 ஏக்கர். பரந்தூர்போலப் பதினாறு மடங்குக்கு மேல். நகருக்கு அருகிலிருந்த பழைய டோர்வால் நிலையத்தை மூடாமல் உள்நாட்டு, அமெரிக்க விமானங்களை அங்கேயே வைத்துக்கொண்டு, மற்ற பன்னாட்டு விமானங்களை மட்டும் கட்டாயமாக மிராபெலுக்கு அனுப்பினார்கள். அதிவேக ரயில் வரும் என்றார்கள், கடைசிவரை வரவில்லை. திட்டமிட்ட நெடுஞ்சாலையும் முழுமை பெறவில்லை. விமானம் மாற வேண்டியவர்கள் பஸ் ஏறி ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. டொரான்டோவில் அந்தத் தொல்லை இல்லை. டொரான்டோ வளர்ந்ததற்கு வேறு பல காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் மிராபெல் மீது போடுவது நியாயமல்ல. ஆனால் 1997இல் கட்டாயம் தளர்த்தப்பட்டதும் விமான நிறுவனங்கள் டோர்வாலுக்கு ஓடின. 2004இல் மிராபெலில் பயணிகள் சேவையே நின்றது. 2014இல் அந்த முனையக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். நிலத்தை இழந்த விவசாயிகளுக்குப் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுக்கவும் நேர்ந்தது. இன்று அங்கே சரக்கு விமானங்களும் விமானத் தொழிற்சாலையும் இருக்கின்றன.

ஜப்பானின் நாரிதா தப்பிப் பிழைத்தது, ஆனால் எளிதாக அல்ல. டோக்கியோவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், சன்ரிசூகா விவசாயிகளின் கடும் எதிர்ப்புக்கு நடுவே 1978இல் திறக்கப்பட்டது. அங்கும் ஹனேடா உள்நாட்டுக்கு, நாரிதா வெளிநாட்டுக்கு என்று பிரித்தார்கள். நாரிதாவுக்கென்று திட்டமிட்ட ஷிங்கான்சென் பாதை பாதியிலேயே கைவிடப்பட்டது. ரயில் நேராக முனையத்துக்கு அடியில் போய் நின்றது 1991இல்தான், திறந்து 13 ஆண்டுகள் கழித்து. நிப்போரி நிலையத்திலிருந்து 36 நிமிடத்தில் நாரிதாவை அடையும் ஸ்கைலைனர் பாதை 2010இல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 2010இல் ஹனேடாவில் நான்காவது ஓடுபாதையும் புதிய பன்னாட்டு முனையமும் திறந்து, வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் மறுபடி ஊருக்குள்ளேயே வரத் தொடங்கிவிட்டன. தூரத்தைச் சுருக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டால் பயணிகளும் நிறுவனங்களும் காத்திருக்க மாட்டார்கள். டோக்கியோ மிகப் பெரிய நகரம். இரண்டு நிலையங்களையும் அதனால் நிரப்ப முடிந்தது. சென்னை அந்த அளவுக்கு வளரும்வரை பொறுக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

நல்ல உதாரணங்களும் உண்டு. கோலாலம்பூர் தன் புதிய நிலையத்தை 1998இல் திறந்து, 2002இல் 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடக்கும் ரயிலை விட்டது. நமது 60 கிலோமீட்டரோடு ஒப்பிட இதைவிடப் பொருத்தமான எண் கிடைக்காது. கொரியாவில் இன்ச்சியான் நிலையத்தையும் பழைய கிம்போ நிலையத்தையும் இணைக்கும் ரயில்தான் முதல் கட்டமாக 2007இல் ஓடியது. சியோல் நகர மத்திக்கு அது போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு. முதலில் நிலையத்துக்கு நிலையம், பிறகு நகரம்: இந்த வரிசை கவனிக்கத்தக்கது. ஷாங்காயில் ஹோங்சியாவ், புடோங் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையே சாதாரண மெட்ரோவில் ஒன்றரை மணி நேரம் ஆனது. அது போதாது என்று தனியாக ஒரு விரைவுப் பாதை போட்டு 2024 டிசம்பரில் 40 நிமிடமாக்கினார்கள். லண்டனோ 1978 முதல் 1986 வரை ஹீத்ரோவுக்கும் கேட்விக்குக்கும் இடையே ஹெலிகாப்டரே ஓட்டிப் பார்த்தது. கால் மணி நேரப் பயணம்தான், ஆனால் கீழே குடியிருந்தவர்களுக்குச் சத்தம். எம்25 சுற்றுச்சாலை வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். குறுந்தூர விமானம் எங்கேதான் பலிக்கும் என்றால் சாலை போட முடியாத இடத்தில். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கிலோமீட்டர், உலகின் மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் கடல் இருப்பதால் அதற்கு நியாயம் உண்டு. நமக்கு நடுவில் இருப்பது ஸ்ரீபெரும்புதூர்.

சரி, மெட்ரோ வருகிறதே, இதற்கு மேல் என்ன கவலை என்று கேட்கலாம். பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை 52.94 கிலோமீட்டர், 20 நிலையங்கள், 15,906 கோடி ரூபாய் என்று 2025இல் திட்ட அறிக்கை தயாரானது. முதல் கட்டமாகச் சுங்குவார்சத்திரம் வரை 27.9 கிலோமீட்டர். நல்ல திட்டம்; இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் விமானப் பயணியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நின்று நின்று போகும் மெட்ரோவுக்கு மணிக்கு 45 கிலோமீட்டர் சராசரி என்று தாராளமாகவே வைத்தாலும் பூந்தமல்லியிலிருந்து மட்டும் 70 நிமிடம். மீனம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு நேர் ரயில் கிடையாது. ஆலந்தூரில் ஒரு மாற்றம், ஆற்காடு சாலைப் பக்கம் இன்னொரு மாற்றம். இரண்டு பெட்டியும் ஒரு குழந்தையுமாக வருகிறவர் இப்படி மாறி மாறிப் போய்ச் சேர இரண்டு மணி நேரமாகும். மெட்ரோ தொழில் பகுதிக்கான வண்டி. இரண்டு விமான நிலையங்களையும் இணைக்கும் வேலையையும் அதன் தலையில் சுமத்தினால் இரண்டும் அரைகுறையாக முடியும்.

அப்படியானால் இன்னொரு ரயில் பாதைக்கும் பல்லாயிரம் கோடியா என்ற அடுத்த ஆட்சேபம் நியாயமானது. அதற்கு விடை இந்தியாவிலேயே இருக்கிறது. தில்லி-மீரட் வழித்தடத்தில் 2023 அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாகத் திறந்த நமோ பாரத் ரயில்கள் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை போகின்றன. மீரட் நகருக்குள் அதே தண்டவாளத்திலேயே உள்ளூர் மெட்ரோவும் ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசும் 2025 மார்ச் பட்ஜெட்டில் இதேபோன்ற மித அதிவேக ரயில் பற்றி மூன்று வழித்தடங்களில் ஆய்வு நடக்கும் என்றது. அதில் ஒன்று சென்னை-காஞ்சிபுரம்-வேலூர், 140 கிலோமீட்டர். அதே திசைக்கு ஒரு மெட்ரோவும் ஒரு மித அதிவேக ரயிலும் தனித்தனிக் கோப்புகளாக நகர்கின்றன. இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே தூணில் இரண்டு வண்டிகளும் ஓடும்படி, கிழக்கு முனை மீனம்பாக்கத்தைத் தொடும்படி வரைவதுதான் புத்திசாலித்தனம். தூண்களை நட்ட பிறகு யோசித்தால் பயனில்லை. மெட்ரோ வளைவுகளில் 160 கிலோமீட்டர் வேக வண்டியை ஓட்ட முடியாது.

விமானம் மாறுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்காக இவ்வளவு பாடா என்று இன்னொரு கேள்வி வரும். பெரும்பாலோர் தங்கள் வீட்டிலிருந்து ஒரு நிலையத்துக்கு நேராகப் போகிறவர்கள்தானே? உண்மைதான். ஆனால் பெரிய நிலையத்தைப் பெரியதாக வைத்திருப்பவர்கள் அந்தச் சிறுபான்மையினரே. சென்னைக்காரர்களை மட்டும் நம்பி ஒரு நீண்டதூர விமானத்தைத் தினமும் நிரப்ப முடியாது. மதுரை, கோவை, தூத்துக்குடி, விசாகப்பட்டினப் பயணிகள் வந்து சேர்ந்தால்தான் அந்த விமானம் நிலைக்கும். இது தொழில் பகுதியையும் நேராகத் தொடும் விஷயம். உலக விமானச் சரக்கில் ஏறத்தாழ பாதி, பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் போகிறது. மேலே இருக்கைகள் காலியாக இருந்து விமானம் நின்றுபோனால், கீழே கைபேசிப் பெட்டிக்கும் இடம் போய்விடும். அகல உடல் விமானங்கள் எந்த நிலையத்தில் இறங்குகின்றனவோ அங்கேதான் சரக்கும் போகும். ஆகவே எந்தச் சேவையை எங்கே வைப்பது என்பது பயணிகளின் சௌகரியப் பிரச்சினை மட்டுமல்ல, ஒரகடத்தின் ஏற்றுமதிப் பிரச்சினையும்கூட.

இத்தனைக்குப் பதிலாக மீனம்பாக்கத்தையே விரிவாக்கினால் என்ன என்பவர்களுக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது, ஓரளவுதான். ஒரு பக்கம் பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும், மறு பக்கம் மணப்பாக்கம், கொளப்பாக்கம் குடியிருப்புகள், இரண்டாவது ஓடுபாதைக்குக் கீழேயே அடையாறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த நிலையம் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. அப்போது விமானங்கள் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்தன. பயணிகள் சுமார் 70 கிலோமீட்டர் பஸ்ஸில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். தொலைவில் இன்னொரு ஓடுபாதை இருப்பதன் அருமையும், அங்கே போய்ச் சேரும் பாடும் சென்னைக்கு ஒரே வாரத்தில் புரிந்தன. இரண்டாவது நிலையம் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது பரந்தூரில்தான் வேண்டுமா என்று, நிலம் எடுக்கப்படும் கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் 2022இலிருந்து கேட்டுவருகிறார்கள். கிராம சபைத் தீர்மானங்கள் போட்டார்கள், 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். ஏரிகள் நிறைந்த நிலம் அது. கம்பன் கால்வாய் அதன் ஊடே போகிறது. நிமிடக் கணக்கு அவர்களுக்கும் சம்பந்தமில்லாதது அல்ல. மிராபெல்போல முடிந்தால், நெல் விளைந்த நிலம் எதற்கும் பயன்படாமல் போனதாக ஆகிவிடும். நிலத்தை எடுப்பவர்கள், எடுத்ததை வீணாக்க மாட்டோம் என்பதற்கான ஆதாரத்தையாவது அவர்கள் முன்னால் வைக்கக் கடமைப்பட்டவர்கள்.

நமது விதிகளும் தூரத்தைத்தான் அளக்கின்றன. 2008ஆம் ஆண்டின் புதிய விமான நிலையங்களுக்கான கொள்கை, ஏற்கெனவே உள்ள நிலையத்திலிருந்து வான்வழியில் 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்று வருவதானால் அதைத் தனியாகப் பரிசீலிக்கச் சொல்கிறது. பயண நேரம் பற்றி அந்த அளவுகோல் பேசுவதில்லை. பெங்களூரில் புதிய நிலையம் திறந்து 17 ஆண்டுகள் ஆகியும், 2025 முடியும்வரை அதற்கு மெட்ரோ போய்ச் சேரவில்லை. கோவாவில் 2023இல் மோபா திறந்தபோது டபோலிம் மூடப்படவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. சுற்றுலாப் பயணி எந்த நிலையத்துக்கு டிக்கெட் எடுத்தோம் என்று இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே விமானம் மாறுகிறவர்கள் குறைவு, அதனால் தாங்குகிறது. சென்னைக்கு அந்தச் சலுகை கிடையாது.

எனவே அரசு மூன்று விஷயங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மீனம்பாக்கத்திலிருந்து பரந்தூர் முனையத்தின் வாசல் வரை, மோசமான நாளில், எத்தனை நிமிடத்துக்கு மேல் ஆகாது என்று உத்தரவாதம் தருகிறது? அந்த உத்தரவாதத்தை நிறைவேற்றும் ரயில், முதல் விமானம் இறங்கும் நாளில் ஓடுமா? ஓடாது என்றால், ஓடும்வரை பன்னாட்டு விமானங்களை உத்தரவு போட்டுப் பரந்தூருக்குத் தள்ளாமல், விமான நிறுவனங்களே தேர்ந்தெடுக்க விடுமா? என் மதிப்பீட்டில் அந்த உத்தரவாதம் 45 நிமிடத்துக்கு மேல் இருந்தால் இரண்டு நிலைய ஏற்பாடு சென்னைக்குப் பலிக்காது. கோலாலம்பூர் 28 நிமிடத்தில் செய்து காட்டியதை நாம் 45 நிமிடத்தில் செய்யக் கேட்பது பேராசை அல்ல. அதற்கான ரயில் பாதையின் வரைபடத்தை, ஓடுபாதைக்கு டெண்டர் விடுவதற்கு முன்பே மக்கள் முன் வையுங்கள்.